திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜாரில் சாமான் வாங்க வருகிறவர்கள் அந்த மணிக்கூண்டைத் தாண்டித்தான் போகிறார்கள். அதில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள்.

1991-ல், பத்தொன்பது வயதில், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலூருக்கு வந்தபோதுதான் அதை முதலில் படித்தேன். அன்று என் கண்ணில் நின்றது 14 என்ற எண். செத்தால் கல்லில் ஏறலாம் என்று நினைக்கிற வயது அது. இன்று ஐம்பதைத் தாண்டி அதே கல்லின் முன்னால் நிற்கும்போது, கல்லில் வெட்டாத எண்தான் முதலில் தெரிகிறது. 277-ல் 14 போனால் 263. அத்தனை பேரும் கப்பல் ஏறித் திரும்பி வந்தவர்கள். இதே பஜாரில் நடந்திருப்பார்கள், பெண்டு பிள்ளைகளோடு இருந்திருப்பார்கள். இரவில் எப்படித் தூங்கினார்கள் என்று யாராவது அவர்களைக் கேட்டிருப்பார்களா?

எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்குப் போவது புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். மானாவாரி நிலத்தில் வேர்க்கடலை பொய்த்தால், வீட்டுக்கு ஒரு பிள்ளை காட்பாடியில் ரயில் ஏறிவிடுவான். நானும் ஏறினேன். டிரங்குப் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, நான்கு செட் துணி, ஒரு அம்மன் படம். நாசிக் ரோடு பயிற்சி மையத்தில் இறங்கிய அன்று எனக்கு இந்தியில் தெரிந்த சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

என்னைப் பீரங்கிப் படையில் போட்டார்கள். ஊரில் போபர்ஸ் என்றால் ஊழல். 1986-ல் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் போட்டதும், அதைத் தொடர்ந்து ஓர் அரசாங்கமே ஆடிப்போனதும் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அது சோறு போடுகிற தாய். காலாட்படைக்குக் கொடி உண்டு. பீரங்கிப் படைக்குத் தனிக்கொடி கிடையாது, பீரங்கிதான் கொடி. என்ன ஆனாலும் அதை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பதுதான் உஸ்தாத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆயுதபூஜை அன்று அதற்குப் பொட்டு வைத்து மாலை போடுவோம்.

என்னோடு ஒரே பீரங்கியில் இருந்தவன் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக்காரன். அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய அம்மா இருக்கிறார், அந்தப் பெயர் அவருக்குச் சொந்தம். நான் அவனைப் ‘பாவா’ என்பேன், அவனும் என்னைப் ‘பாவா’ என்பான். தெலுங்கில் அது அத்தான், மச்சான் முறை. குடியாத்தம் பக்கம் தெலுங்கு காதில் விழாத தெரு இல்லை. அதனால் முதல் நாளே பேச்சு ஒட்டிக்கொண்டது. லங்கரில் எனக்குச் சப்பாத்தி இறங்காத நாளில் தன் பங்குச் சோற்றை என் தட்டில் தள்ளுவான். எனக்கு லீவு மறுத்த ஆண்டில், தான் வாங்கிய லீவை விட்டுக்கொடுத்து என்னை ஊருக்கு அனுப்பினான். என் மகள் பிறந்த முகத்தை நான் பார்த்தது அவன் கொடுத்த லீவில்தான்.

*

1999 மே மாதம் கார்கில் போருக்காக எங்களை அவசரமாக மேலே கொண்டுபோனார்கள். ஸோஜிலா கணவாயைத் தாண்டி திராஸ். சாலைக்கு மேலே மலை, மலை உச்சியில் எதிரி. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் ஒரே சாலை அவன் காலுக்குக் கீழே கிடந்தது. நாங்கள் தேநீர் போட அடுப்பு மூட்டினால்கூட அவனுக்குத் தெரியும்.

பீரங்கி என்றால் எதிரியின் கண்ணில் படாத இடத்தில் பல கிலோமீட்டர் பின்னால் நின்று சுடுவது என்றுதான் படித்திருந்தோம். அங்கே சில பீரங்கிகளை முன்னால் இழுத்துக்கொண்டுபோய், உச்சியிலிருக்கும் பதுங்குகுழியை நேராகப் பார்த்துச் சுட வேண்டியிருந்தது. நாம் அவனைப் பார்க்கிற இடத்தில் அவனும் நம்மைப் பார்ப்பான். காற்று மெலிந்த உயரம் என்பதால் சமவெளியில் 24 கிலோமீட்டர் போகிற குண்டு அங்கே 30-ஐத் தாண்டிப் போகும். மனிதனுக்கோ இருபது அடி நடந்தால் நெஞ்சு அடைக்கும். ஒரு ஷெல்லின் எடை 40 கிலோவுக்கு மேல். ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதை இரவெல்லாம் லாரியிலிருந்து இறக்கித் தூக்கிவர வேண்டும். அந்தப் போரில் நம் பக்கத்திலிருந்து சுமார் இரண்டரை லட்சம் குண்டுகள் சுடப்பட்டன என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியாது. என் தோளுக்கும் காதுக்கும் தெரியும். காதில் பஞ்சுதான் வைத்திருந்தோம். இரண்டாவது வாரத்தில் ஆரம்பித்த ‘ஙொய்’ என்ற ஓசை இடது காதில் இன்றுவரை நிற்கவில்லை.

ஜூன் மாதம், டோலோலிங் சிகரத்துக்காகச் சண்டை நடந்த நாட்கள். லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு ஷெல் நழுவி என் வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். “ரெண்டு நாள் நீ தூக்க வேணாம் பாவா, உன் முறையும் நானே பார்த்துக்கிறேன்” என்றான் பாவா. நான் மறுக்கவில்லை. வலி அப்படி.

மறுநாள் இரவு எதிரியின் குண்டுகள் எங்கள் பக்கம் விழத் தொடங்கின. முதல் குண்டு தூரத்தில், அடுத்தது சாலையில், மூன்றாவது கிட்டத்தில். புகை விலகியபோது, ஷெல்லைக் கையில் ஏந்தியபடி பாவா தரையில் உட்கார்ந்திருந்தான். குழந்தையை மடியில் வைத்திருப்பது போல அதை வைத்திருந்தான். உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்த் தொட்டபோதுதான் தெரிந்தது. ஸ்பிளின்டர் கழுத்தில் இறங்கியிருந்தது. அவன் தூக்கிக்கொண்டு வந்தது என் முறை ஷெல்.

அழ நேரமில்லை. மேலே காலாட்படை ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மறைவு என்று ஒரு புல்கூட இல்லாத சரிவு அது. எங்கள் குண்டு மேலே விழுகிற வரைக்கும்தான் எதிரி தலையைக் குனிந்திருப்பான். குண்டு நின்றால் ஏறுகிறவன் செத்தான். அந்தப் பையன்களின் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் எங்கள் கையை நம்பித்தான் ஏறினார்கள். உஸ்தாத் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாவாவை இருபதடி தள்ளிப் படுக்கவைத்துக் கம்பளியால் மூடினோம். அவன் மடியில் இருந்த ஷெல்லை நான் எடுத்தேன். விடியும்வரை அவன் அங்கே கிடந்தான், நான் அவன் இடத்தில் நின்றேன். ஒவ்வொரு முறை பீரங்கி வெடித்தபோதும் அந்த வெளிச்சத்தில் கம்பளி தெரிந்தது.

ஜூன் 13-ம் தேதி டோலோலிங் நம் கைக்கு வந்தது. 2 ராஜ்புதானா ரைபிள்ஸ் அதை மீட்டது. பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஜூலை 4-ல் டைகர் ஹில். ஜூலை 26-ல் போர் முடிந்தது. இறந்தவர்கள் 527, காயமடைந்தவர்கள் 1,363 என்று அறிவித்தார்கள். நசுங்கிய விரலோடு நான் இந்த இரண்டு கணக்கிலும் சேராதவன்.

*

முந்தைய போர்களில் விழுந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனைக்கு அருகிலேயே எரித்துவிடுவார்கள். கார்கிலில்தான் உடல்கள் வரிசையாக ஊர்களுக்கு வந்தன. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் மே மாத இறுதியில் பட்டாலிக் பகுதியில் விழுந்தார். ஒரு மாதத்துக்கு மேல் சண்டை போட்ட பிறகுதான் அவர் உடலை மலையிலிருந்து இறக்க முடிந்தது. திருச்சியே திரண்டு அழுதது. பாவாவும் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டியில் தன் ஊருக்குப் போனான். நான் கூடப் போகவில்லை. போர் முடியவில்லை என்பது காரணம். போர் முடிந்த பிறகும் போகவில்லை. அதற்குக் காரணம் சொல்ல என்னிடம் இருபது ஆண்டுகள் வார்த்தை இல்லை.

அந்த ஆண்டு லீவில் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியபோது சால்வை போட்டார்கள். டீக்கடையில் காசு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசச் சொன்னார்கள். “எத்தனை பேரைச் சுட்டீங்க சார்?” என்று ஒரு பையன் கேட்டான். குண்டு மலைக்குப் பின்னால் போய் விழும் தம்பி, யார் மேல் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்றேன். அவனுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

2000-ம் ஆண்டு வைகாசி முதல் நாள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. சின்ன வயதில் அந்த ஒருநாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பேன். கௌண்டன்யா ஆற்றங்கரையில் ஊரே கூடும். நான்கு வயது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். இரவு வாணவேடிக்கை ஆரம்பித்தது. முதல் வெடி மேலே போய் வெடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம், மக்கள் என்னைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்ததுதான். நான் ஒரு மாட்டுவண்டிக்குக் கீழே கிடந்தேன். மகள் எனக்கு அடியில் இருந்தாள். “என்னங்க, விடுங்க, கொழந்தைய விடுங்க” என்று என் மனைவி என் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வலது கை வீங்கிவிட்டது. ஒரு மாதம் கட்டோடு இருந்தாள்.

ஊரில் ‘மிலிட்டரிக்குச் சரக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு’ என்றார்கள். அன்று நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குடித்தேன். அங்கே குளிருக்கு அளந்து ஊற்றிய ரம், இங்கே தூக்கத்துக்கு அளவில்லாமல் ஆனது. படுத்தால் கம்பளி தெரியும். குடித்தால் கம்பளி தெரியாது. பட்டாளத்தில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மெடிக்கல் கேட்டகரியை இறக்குவார்கள், பதவி உயர்வு போகும், உடனிருப்பவன் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பான் என்ற பயம். 2008-ல் பென்ஷன் வந்தேன். பதினேழு வருஷத்தில் என்னை யாரும் ஓட்டைக் குடம் என்று கண்டுபிடிக்கவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

பென்ஷன் வந்தபின் ஒரு குடியிருப்பில் இரவுக் காவல் வேலை. எல்லோரும் தூங்கும்போது விழித்திருக்கச் சம்பளம் கொடுத்தார்கள், அது எனக்கு வசதியாக இருந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பே ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய்விடுவேன். பிள்ளைகள் என்னோடு ஒரு தீபாவளிகூடக் கொண்டாடியதில்லை. டிரான்ஸ்பார்மர் வெடித்தால் உடம்பு தரைக்குப் போகும். மகள் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் காது கேட்காது. வலது பக்கமிருந்து திடீரென்று தொட்டால் கை ஓங்கிவிடுவேன். வீட்டில் எல்லோரும் செருப்பைத் தேய்த்து ஓசையெழுப்பிக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டார்கள். என் மனைவி இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போரில் அவள் செய்த சேவைக்குப் பதக்கம் கிடையாது.

*

கை வீங்கிய அந்தப் பிள்ளைதான் வளர்ந்து நர்ஸிங் படித்தாள். 2018-ல் ஒரு நாள் என் வலது பக்கமாக வந்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். “நைனா, இதுக்குப் பேர் இருக்கு. இது குடிகாரனோட நோய் இல்ல, கோழையோட நோயும் இல்ல. வைத்தியம் இருக்கு” என்றாள். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பேருந்தில் என்னை ஏற்றினாள். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயம் என்றால் சிஎம்சியின் மனநல மருத்துவமனை. வழியெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். எதிரி மலைமேல் இருந்தபோதுகூட நான் அப்படிக் குனிந்ததில்லை.

மருத்துவர் அவசரப்படவில்லை. முதல் உலகப்போரில் இதைக் குண்டு அதிர்ச்சி என்றார்கள், அப்போது பலரைக் கோழை என்று தண்டிக்கவும் செய்தார்கள் என்றார். 1980-ல்தான் மருத்துவ உலகம் இதற்கு முறையான பெயர் கொடுத்தது. பிடிஎஸ்டி. ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தி மூளைக்குள் ஒரு பகுதிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அது இன்னும் சென்ட்ரி நிற்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிட வேண்டும் என்று எனக்குப் புரிகிற மொழியில் சொன்னார். மாத்திரை கொடுத்தார். அதைவிட முக்கியமாக, அந்த இரவைப் பேசச் சொன்னார். இருபது வருடத்தில் முதன்முறையாக நான் வாய்விட்டுச் சொன்னேன்: “அது என் முறை.”

நம் முன்னோர் மார்பில் பட்ட காயத்தை விழுப்புண் என்று போற்றினார்கள், முதுகில் பட்டதைப் புறப்புண் என்று இகழ்ந்தார்கள். உள்ளே பட்ட காயத்துக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை. ஆம்பூர்ப் பக்கமும் செங்கம் பக்கமும் வயல் நடுவே நடுகற்கள் நிற்கின்றன. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் இருக்கிறது. அவன் பக்கத்தில் நின்று சண்டை போட்டு, மாட்டையும் ஓட்டிக்கொண்டு, நண்பன் பிணத்தையும் சுமந்துகொண்டு வந்தானே ஒருவன், அவன் என்ன ஆனான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

2019-ல் ஸ்ரீகாகுளம் போனேன். நான்கு பேரிடம் வழி கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு. சுவரில் இருபத்தைந்து வயதில் நின்றுவிட்ட அவன் படம். அவன் அம்மா கண்பார்வை மங்கிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலைத் தொட்டு, நான் யார் என்று சொன்னேன். விரல் நசுங்கியதையும், முறை மாறியதையும், மூன்றாவது குண்டையும் சொன்னேன். அவர் திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். அவர் என் வலது கையை எடுத்து அந்த இரண்டு விரல்களைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னிக்கு ராத்திரி சாப்பிட்டானா?”

சாப்பிட்டான் என்றேன். பூரியும் உருளைக்கிழங்கும் வந்தது, என் பங்கில் ஒரு பூரியையும் அவனே எடுத்துக்கொண்டான் என்றேன். அது உண்மை. அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. எனக்குள்ளும் இறங்கியது. நான் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டிய செய்தி அந்த ஒரு வரிதான். அதற்காக அந்தத் தாயை இருபது வருடம் காக்க வைத்துவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை போனில் பேசுகிறோம். நான் சாப்பிட்டேனா என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

*

2022-ல் திராஸ் பகுதியில் 5140 என்று எண்ணிட்ட சிகரத்துக்குப் பீரங்கிப் படையின் நினைவாக ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்தார்கள். பெருமையாக இருந்தது. பாவாவின் படத்துக்கு முன்னால் நின்று அதைச் சொன்னேன்.

2025 மே 7-ம் தேதி எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. 10-ம் தேதி நின்றது. அந்த இரவுகளில் நான் தூங்கவில்லை. அடுத்த வாரமே சிரசுத் திருவிழா. ஊரில் பலர் போனில் போர்க் காட்சிகளைப் பாட்டுச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நாட்டுப்பற்றில் எனக்குச் சந்தேகமில்லை. நாட்டைக் காக்கச் சண்டை தேவைப்படும் நாள் வரும். வந்தால் மறுபடி அதே மலைக்குப் போவேன். ஆனால் அந்தக் காட்சியில் எங்கோ ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில், இருபது வயதுப் பையன் ஒருவன் தன் நண்பனைக் கம்பளியால் மூடிவிட்டு அடுத்த ஷெல்லைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். அவன் பிறகு ஊருக்கு வருவான். சால்வை போடுவோம். அதற்கு மறுநாளிலிருந்து அவனுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

உங்கள் தெருவில் ஒரு மிலிட்டரிக்காரர் இருப்பார். கேன்டீன் சரக்கு கிடைக்குமா என்று அவரிடம் கேட்காதீர்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்றும் கேட்காதீர்கள். யாரோடு இருந்தீர்கள் என்று கேளுங்கள். அவர் பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். வெடி வெடிக்கும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெடியுங்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ மகனோ இரவில் அலறி எழுந்தால், குடியென்றும் பேயென்றும் பேசாமல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. படைவீரர்களுக்கென்றே 2023-ல் அதில் தனிப்பிரிவு தொடங்கினார்கள்.

என்னைப் போல வெளியே சொல்லாமல் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் முறை ஷெல்லை வேறொருவன் தூக்கினான். அவனுக்கு நாம் பட்ட கடன், நாமும் சேர்ந்து செத்துப்போவது அல்ல, நல்லபடியாக வாழ்வது. பாகாயம் பேருந்தில் தலைநிமிர்ந்து ஏறுங்கள். நான் ஏறினேன். போன வருடம் என் பேரனோடு முதன்முறையாக ஒரு கம்பி மத்தாப்பு கொளுத்தினேன். கை நடுங்கியது. ஆனால் கீழே போடவில்லை.